உங்களுக்குத் தெரியுமா? தேங்காய்க் கண் முதல் செவ்வாய்க் கோள் வரை

நெய்யாறு கடலில் கலக்கும் பூவார் பொழிமுகத்திலிருந்து பாறசாலை வரைக்கும் உள்ள கேரள-தமிழ்நாட்டு எல்லையோர ஊர்களில், கருவைப் பற்றிப் படிக்க ஆய்வுக்கூடம் தேடிப் போக வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு தென்னை நிற்கிறது. ஆற்றோரத்தில் கண்டல் நிற்கிறது. கிழக்கே அகத்தியமலை, வடமேற்கே விழிஞ்ஞம், அதையும் தாண்டினால் தும்பா. வீட்டுத் தென்னையிலிருந்தே தொடங்குவோம்.

★ தேங்காய்க்கு மூன்று கண். அவற்றில் இரண்டு கெட்டியாக மூடிக்கொண்டவை. ஒன்றுதான் விரலால் அழுத்தினால் இளகும். அந்த இளகிய கண்ணுக்கு நேர்கீழே, வெள்ளைப் பருப்புக்குள் புதைந்தபடி, சில மில்லிமீட்டர் நீளத்தில் தென்னையின் கரு கிடக்கிறது. முளை விடும்போது வெளியே குருத்து கிளம்புவதை எல்லோரும் பார்க்கிறோம். அதே நேரத்தில் கருவின் வித்திலை உள்பக்கமாகப் பெருத்து, ஓட்டுக்குள் இருக்கும் வெற்றிடத்தை அடைத்து, பருப்பைக் கரைத்து உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்புகிறது. கேரளத்தில் ‘பொங்கு’ என்றும் சென்னைத் தெருவோரத்தில் ‘தேங்காய்ப் பூ’ என்றும் வாங்கித் தின்கிறோமே, அது தென்னங்கருவின் ஊட்டும் உறுப்பு. பனங்கொட்டையை வெட்டித் தின்னும் தவுனும் அதே உறுப்புதான். பனங்கிழங்கு மட்டும் வேறு: முளைத்து மண்ணுக்குள் இறங்கிய இளஞ்செடியின் முதல் இலையுறை மாவுச்சத்தோடு பருத்தது அது.

★ இளநீர் யாருக்காக உண்டானது? கருவுக்காக. கருவை வளர்க்கும் திசு, செல் சுவர்கள் எழுவதற்கு முன்னால் திரவமாக இருக்கும் நிலையே இளநீர். 1941-இல் அமெரிக்காவில் வான் ஓவர்பீக்கும் கூட்டாளிகளும் ஊமத்தையின் மிக இளம் கருக்களைத் தாய்ச்செடியிலிருந்து பிரித்து வளர்க்கப் பாடுபட்டார்கள். சர்க்கரையும் உப்பும் போதவில்லை. தேங்காயின் நீரைச் சேர்த்ததும் கருக்கள் வளர்ந்தன. 1958-இல் ஸ்டூவர்டின் குழு காரட்டின் சாதாரண செல்களிலிருந்து கருவைப் போன்ற அமைப்புகளையும் பின்பு முழுச் செடியையும் வளர்த்தபோதும் ஊட்டமாகத் தந்தது தேங்காயின் நீரைத்தான். செடியின் எந்த உயிருள்ள செல்லுக்குள்ளும் ஒரு முழுச் செடி ஒளிந்திருக்கிறது என்ற அறிவுக்குத் தென்னை செய்த உதவி இது. பள்ளிப் பாடநூலில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கலாம்.

★ தயிர்த்தேங்காய் உடைத்திருக்கிறீர்களா? நீருக்குப் பதிலாகக் குழைந்த வெண்பருப்பு ஓடு முழுக்க நிறைந்திருக்கும். பிலிப்பைன்ஸில் இதன் பெயர் மகாபுனோ. அங்கே விலை உயர்ந்த பண்டம். ஆனால் காயை நட்டால் முளைக்காது. கருவில் குறை எதுவும் இல்லை. கெட்டுப்போன பருப்பு அதற்கு உணவு தரவில்லை, அவ்வளவுதான். 1960-களில் எமெரிட்டா டி குஸ்மான் என்ற பிலிப்பைன்ஸ் விஞ்ஞானி கருவை மட்டும் தோண்டியெடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊட்டம் கொடுத்து வளர்த்தெடுத்தார். பட்டினி கிடந்த கருவைக் காப்பாற்றிய இந்த வழிக்குக் கரு மீட்பு என்று பெயர்.

★ காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தாரும் இதே வித்தையைக் கையாளுகிறார்கள். கடல் கடந்த தீவுகளிலிருந்து தென்னை ரகங்களைக் கொண்டுவர மூட்டை மூட்டையாகக் காய் சுமந்தால் எடையும் அதிகம், பூச்சியும் நோயும் கூடவே வரும். கருவை மட்டும் எடுத்து வந்தால் ஒரு தோப்பே ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும்.

★ சாலையோரத்து ஊமத்தைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1964-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் ஊமத்தைப் பூவின் மகரந்தப்பையை ஊட்டக்கூழில் வைத்தார்கள். மகரந்தத் தூளிலிருந்தே கருக்கள் முளைத்தன. தாயின் பங்கு இல்லாமல், பாதிக் குரோமோசோம்களோடு பிறந்த செடிகள் அவை. உலகமே அந்த முறையை எடுத்துக்கொண்டது. நெல், கோதுமை ரகங்களை உருவாக்க ஆகும் ஆண்டுகள் அதனால் பல குறைந்தன. உலகம் முழுக்கப் பயன்பட்ட இந்தியக் கண்டுபிடிப்பு என்று குழந்தைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

★ மட்டி, ஏத்தன், செங்கதளி என்று குலை குலையாகத் தொங்கும் வாழைப்பழங்களில் கருவே கிடையாது. சூல் கருவுறாமலே காய் பருக்கிறது. அதனால்தான் கன்றை நட்டு வளர்க்கிறோம்.

★ மாங்கொட்டையில் இதற்கு நேர்மாறு. ஒளூர், சந்திரக்காரன், குருக்கன் போன்ற மேற்குக் கடற்கரை ரகங்களில் ஒரே கொட்டைக்குள் பல கருக்கள். ஒன்று அப்பனும் அம்மையும் சேர்ந்து உண்டானது. மற்றவை தாய்மரத்தின் திசுவிலிருந்தே முளைத்த நகல்கள். பெரும்பாலும் நகல்களே முந்திக்கொள்ளும். முறையாகக் கருவுற்றது நலிந்துவிடும். கொட்டை போட்டாலும் தாய்மரத்தின் பழமே கிடைப்பது இதனால்தான். நெய்யாற்றின்கரைப் பக்கத்து வீட்டு மாமரங்களின் கொட்டைகளை முளைக்க வைத்து, ஒன்றிலிருந்து எத்தனை முளை வருகிறது என்று பள்ளிப் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கலாம். செலவில்லாத ஆராய்ச்சி.

★ மாங்கொட்டை தானாகச் செய்வதை நெல்லில் செய்யவைக்க முடியுமா? கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் வெங்கடேசன் சுந்தரேசன் குழு 2018-இல் முடியும் என்று காட்டியது. ‘பேபி பூம்’ என்ற மரபணுவை நெல்லின் முட்டைச் செல்லிலேயே இயங்கவைத்தபோது, கருவுறாமலே கரு தொடங்கியது. வீரிய நெல் விதையை ஆண்டுக்கு ஆண்டு காசு கொடுத்து வாங்கும் உழவருக்கு, ஒரு நாள் தன் வயலின் விதையையே மறுபடி விதைக்கும் உரிமையை இது தரக்கூடும். தருமா என்பது காப்புரிமை யார் கையில் இருக்கும் என்பதைப் பொறுத்தது. அந்தக் கேள்வியை இப்போதே கேட்க வேண்டும்.

★ கண்டல் மரமான சுரபுன்னையின் கரு ஓய்வெடுப்பதில்லை. விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்து, நீண்ட முருங்கைக்காய் அளவுக்கு வளர்ந்து, பிறகே சேற்றில் விழுகிறது. உப்புநீரில் முளைப்பது ஆபத்து என்பதால் தாயே முளைக்க வைத்து அனுப்புகிறது.

★ நெய்யாறு பிறக்கும் அகத்தியமலைக்கு வருவோம். அங்கே ஈற்றைக் காடுகளில் ஒரு பச்சைத் தவளை உண்டு. நூற்றாண்டுக்கும் மேலாக யார் கண்ணிலும் படாமலிருந்து 2011-இல் மறுபடி கண்டெடுக்கப்பட்டது. களக்காடு முண்டந்துறைப் பக்கம் இரவு இரவாகத் திரிந்து அதன் குடும்ப வாழ்க்கையைக் கண்டறிந்தவர் கே.எஸ். சேஷாத்ரி, ஆய்வு 2014-இல் வெளிவந்தது. ஈற்றையின் கணுவிடையில் உள்ள சிறு துளை வழியாகத் தவளை உள்ளே நுழைகிறது. அங்கேயே முட்டைகள் இடப்படுகின்றன. ஆண் காவல் இருக்கிறது. தலைப்பிரட்டை என்ற கட்டமே கிடையாது. முட்டைக்குள் கரு முழுத் தவளையாகிவிடுகிறது. ஈற்றை வெட்டுவது ஏழைகளின் பிழைப்பு. அதை நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் தவளை இனம்பெருக்கும் மழை மாதங்களைத் தவிர்த்து வெட்டினால் இரு உயிர்களும் பிழைக்கும்.

★ பங்குனி ஆமையின் கரு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவுசெய்கிறது. சுமார் 29 டிகிரி செல்சியஸை ஒட்டிய ஓர் எல்லைக்கு மேலே போனால் பெண்கள் கூடும், கீழே இறங்கினால் ஆண்கள் கூடும். கடற்கரை சூடேறிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று: தாயின் வயிற்றில் இருக்கும் வரை பிராணவாயு போதாமல் ஆமைக்கரு வளர்ச்சியை நிறுத்தி வைத்துக் காத்திருக்கும். முட்டையிட்ட சில மணி நேரத்தில் மறுபடி வளரத் தொடங்கி ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துப்போகலாம். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவு நடை நடந்து, முட்டைகளை அன்றிரவே காப்பகத்துக்கு மாற்றுவது இதனால்தான். பூவார், பொழியூர் மணலில் ஆமைத் தடம் கண்டால் முட்டையில் கை வைக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

★ விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். முட்டைகளைத் துடுப்பால் விசிறிக் காற்றோட்டம் தருவது அப்பன். ஒரு வாரம் கழித்து, இருட்டிய பிறகே குஞ்சு வெளிவரும்.

★ பூவாரிலிருந்து தெற்கே தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்தால் வருவது தூத்தூர் கடற்கரை. ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர்போன ஊர்கள். அவர்கள் நன்றாக அறிந்த கொம்பன் சுறா முட்டையிடாது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவே தொப்புள்கொடி உண்டு, நமக்கு இருப்பதைப் போலவே. சில சுறா இனங்களுக்கு இப்படி ஒரு பிணைப்பு இருப்பதை அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் கழித்து, 1842-இல் யோகான்னஸ் முல்லர் என்ற ஜெர்மானியர் அதை உறுதிசெய்தார். சுறா மெதுவாகப் பெருகும் உயிர். சூல் கொண்ட ஒன்று வலையில் பட்டால் ஒரு தலைமுறையே கரையேறிவிடுகிறது.

★ கடையில் வாங்கும் நாமக்கல் முட்டைக்குள் கரு இல்லை. சேவல் இல்லாமல் கோழி இட்டது அது.

★ வானத்துக்குப் போவோம். சூரியன் பிறந்தபோது அதைச் சுற்றித் தூசித் தட்டு ஒன்று சுழன்றது. தூசி ஒட்டிக் கூழாங்கல்லானது, கல் சேர்ந்து மலையானது, மலைகள் மோதிச் சேர்ந்து நிலா முதல் செவ்வாய் வரை பருமனுள்ள உருண்டைகள் ஆயின. இவற்றை வானியலாளர்கள் கோள்கரு என்றே அழைக்கிறார்கள். செவ்வாய் முழுக்கோளாக வளராமல் பாதியில் நின்றுபோன கோள்கரு என்று 2011-இல் தோஃபாசும் பூர்மந்தும் கணக்கிட்டுச் சொன்னார்கள். இரண்டு முதல் நான்கு மில்லியன் ஆண்டுகளிலேயே அதன் வளர்ச்சி முடிந்துவிட்டது. பூமிக்கோ பல கோடி ஆண்டுகள் ஆயின.

★ கோள்கருக்கள் உள்ளே உருகி, இரும்பு நடுவுக்கு இறங்க, பாறை மேலே மிதந்தது. உருக்கிய சூடு எங்கிருந்து வந்தது? விடையின் ஒரு துண்டு 1996 ஜூன் 20-ஆம் நாள் ராஜஸ்தானின் பிப்லியா கலான் என்ற ஊரில் வானத்திலிருந்து விழுந்தது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் சீனிவாசன், கோஸ்வாமி, பண்டாரி மூவரும் அந்தக் கல்லைத் துருவினார்கள். சுமார் 7 லட்சம் ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகக் குறையும் அலுமினியம்-26 என்ற கதிரியக்கத் தனிமத்தின் தடம் அதில் இருந்தது. உருகிய ஒரு சிறுகோளின் பாறையில் அந்த அடுப்பின் சாம்பலை முதலில் கண்டவர்கள் இவர்களே. 1999-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது.

★ பூமி இளசாக இருந்தபோது செவ்வாய் அளவுள்ள ஒரு கோள்கரு அதன் மேல் மோதியது. தெறித்ததெல்லாம் சேர்ந்து நிலாவாயிற்று என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அப்படியானால் நிலா தொடக்கத்தில் பாறைக் குழம்புக் கடலாக இருந்திருக்க வேண்டும். விழுப்புரத்து வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்டு 23 அன்று தென்துருவப் பக்கம் இறங்கியது. அதன் உலாவி 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. குழம்புக் கடல் ஆறும்போது மேலே மிதந்து உறைந்திருக்க வேண்டிய பாறையின் சாயலே எங்கும் இருந்தது. அந்தக் கலத்தைச் சுமந்த ஏவூர்தி உருவானது தும்பாவின் விக்ரம் சாராபாய் மையத்தில். மீனவர் குடியிருந்த கடற்கரை அது.

★ பிறந்துகொண்டிருக்கும் கோளைப் படம் பிடித்திருக்கிறார்களா? ஆம். 2018-இல் பி.டி.எஸ். 70 என்ற விண்மீனருகே, ஏறக்குறைய 370 ஒளியாண்டு தொலைவில்.

★ மனிதக் கருவைத் தமிழர்கள் மாதம் மாதமாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் கர்ப்பக்கிரியை என்று தனிப்பகுதியே உண்டு. திருவாசகத்தின் போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர், ஒவ்வொரு மாதமும் கரு தப்பிப் பிழைக்கும் ஆபத்துகளைப் பட்டியலிடுகிறார். இன்றைய மருத்துவத்தை அவற்றில் தேட வேண்டாம். கரு பிழைப்பது எளிதல்ல என்ற உணர்வு அவற்றில் இருக்கிறது. அது இன்றும் உண்மை.

★ உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன், 1978 ஜூலை 25. இரண்டாவது? அதே ஆண்டு அக்டோபர் 3, கொல்கத்தாவில் துர்கா. டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய், அதிகம் பணமோ கருவியோ இல்லாமல், இரு கூட்டாளிகளோடு செய்து காட்டிய சாதனை. கருவை 53 நாள் உறையவைத்து, பிறகு உருக்கித் தாயின் கருப்பையில் வைத்தார். உறைந்த கருவிலிருந்து பிறந்த முதல் குழந்தை என்று வெளிநாடு கொண்டாடியது 1984-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஒரு பெண்ணை. முகோபாத்யாயின் மாநில அரசு என்ன செய்தது? விசாரணைக் குழு போட்டது. குழு அவர் சொன்னதை நம்பவில்லை. வெளிநாட்டு மாநாட்டுக்குப் போக அனுமதி மறுக்கப்பட்டது. கடைசியில் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19 அன்று அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986 ஆகஸ்டு 6 அன்று மும்பையில் பிறந்த ஹர்ஷாவே இந்தியாவின் முதல் குழந்தை என்று அறிவிக்கப்பட்டாள்.

அந்தப் பெருமைக்குரிய விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமார், டாக்டர் இந்திரா இந்துஜாவோடு சேர்ந்து உழைத்தவர். அவர் பின்னர் முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகளை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, முதலிடம் எனக்கில்லை, அவருக்கே என்று 1997-இல் எழுத்திலேயே அறிவித்தார். தன் கிரீடத்தைத் தானே கழற்றி இறந்தவர் தலையில் வைத்த மனிதர். இந்திய அறிவியல் வரலாற்றில் இவ்வளவு நேர்மையான செயல் எனக்குத் தெரிந்து வேறில்லை. தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990-இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் கையில் பிறந்தது.

★ ஆய்வுக்கூடத்தில் மனிதக் கருவை எத்தனை நாள் வளர்க்கலாம்? பதினான்கு நாள். 1984-இல் இங்கிலாந்தில் மேரி வார்னாக் என்ற தத்துவ அறிஞர் தலைமையிலான குழு வகுத்த எல்லை அது. ஏறக்குறைய அந்த நாளில்தான் கருவில் முதுகு எது, தலை எது என்று காட்டும் கோடு தோன்றும். அதற்கு முன் கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையர் ஆகலாம், பின்பு முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலும் இதே எல்லையைச் சொல்கிறது. பல ஆண்டுகள் இது வெறும் ஏட்டு எல்லை. யாராலும் அவ்வளவு நாள் வளர்க்க முடியவில்லை. 2016-இல் கேம்பிரிட்ஜிலும் நியூயார்க்கிலும் பதின்மூன்று நாள் வரை வளர்த்து, எல்லைக்காகவே நிறுத்தினார்கள். 2021-இல் பன்னாட்டுத் தண்டுச் செல் ஆராய்ச்சிச் சங்கம் தடையைத் தளர்த்தியது. 2023-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம், முட்டையும் விந்தும் இல்லாமல் தண்டுச் செல்களைக் கொண்டே பதினான்கு நாள் கருவைப் போன்ற மாதிரியைச் செய்தது. அது கருவா, கருவின் மாதிரியா, சட்டம் அதற்குப் பொருந்துமா? இதை விஞ்ஞானிகளிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது. வார்னாக் குழுவில் பல தரப்பினரும் உட்கார்ந்து பேசினார்கள். இங்கே அந்தப் பேச்சு தமிழிலும் மலையாளத்திலும் நடக்க வேண்டும்.

★ இரட்டையர் என்றதும் மலப்புறம் மாவட்டத்துக் கோடிஞ்ஞி நினைவுக்கு வரும். நூற்றுக்கணக்கான இரட்டையர் சோடிகள் வாழும் ஊர். காரணத்தை இன்னும் யாரும் உறுதிசெய்யவில்லை.

★ சீனத்தின் ஹே ஜியான்குய் 2018-இல் மனிதக் கருக்களின் மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண்குழந்தைகளைப் பிறக்கவைத்தார். அடுத்த ஆண்டு நீதிமன்றம் மூன்றாண்டு சிறைத்தண்டனை விதித்தது. பெற்றோர் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் குழந்தைகளையும் அவர்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளையும் யார் கேட்டது?

★ உறையவைத்த கருவை இந்தியாவில் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்? 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருவாக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி பத்தாண்டு. அதன்பின் அழியவிட வேண்டும், அல்லது தம்பதியரின் ஒப்புதலோடு ஆராய்ச்சிக்குத் தர வேண்டும். சிகிச்சை பெறும் பெண்ணுக்கு வயது 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55. கருவின் பாலினத்தைத் தேர்ந்தெடுப்பது குற்றம். கருவை விற்பதும் குற்றம். வாடகைத்தாய்ச் சட்டம் வருமுன்பே கருவை உறையவைத்துக் காத்திருந்த தம்பதியரை அந்தச் சட்டத்தின் வயது வரம்பு கட்டுப்படுத்தாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் பிறக்குமுன் அவர்களின் நம்பிக்கை பிறந்துவிட்டது, நியாயமான தீர்ப்பு.

★ எல்லையோரத் தமிழ்க் குடும்பங்கள் குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம், நாகர்கோவில் என்று இரு பக்கமும் போகிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் மருத்துவமனைக்குச் சட்டப்படியான பதிவு உண்டா என்று முதலில் கேளுங்கள். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ இருந்து உங்களுக்குப் படிக்க வராவிட்டால், தமிழில் வரிக்கு வரி விளக்கச் சொல்லுங்கள். விளங்கும் வரை பேனாவை எடுக்காதீர்கள். எத்தனை கருக்கள் உருவாயின, எத்தனை உறையவைக்கப்பட்டன, மிச்சம் என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். கருவைக் கருப்பையில் வைக்கும் முன்புவரை ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமை சட்டப்படி உங்களுக்கு உண்டு.